ஊர் மக்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் மனுவுக்கு உண்மையில் என்ன பலம் இருக்கிறது?

கேள்வி | எழுதியவர்: தோப்புவீடு

அனைவருக்கும் வணக்கம். நான் கொங்குப் பகுதியில் தென்னை சூழ்ந்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். ஊரின் பெயரையும் ஆலையின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. ஆலையை நடத்துபவர் எங்கள் உறவு வட்டத்துக்குள் வருபவர் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

எங்கள் ஊரின் மேட்டுப் பகுதியில் ஒரு மஞ்சி மில், அதாவது தென்னை நார் ஆலை, பத்து ஆண்டுகளாக இயங்கி வருகிறது. மட்டையிலிருந்து நார் பிரித்து விற்ற காலத்தில் தூசியைத் தவிர வேறு தொல்லை இருந்ததில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், நார் போக மிஞ்சும் துகளைக் கழுவிக் காயவைத்து, கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். துகளில் உள்ள உப்பு குறைந்தால்தான் வெளிநாட்டில் வாங்குவார்கள் என்பதால் அதை நாள்தோறும் பலமுறை தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். அலசிய நீர் தளம் போடாத ஒரு குழியில் விடப்படுகிறது. அந்தக் குழிக்குக் கீழே இருக்கும் மூன்று கிணறுகளின் நீர் இப்போது கடுங்காப்பி நிறத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டு மாடு தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது.

நானும் நண்பர்கள் சிலரும் வீடு வீடாகச் சென்று 212 பேரிடம் கையெழுத்து வாங்கி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவைக் கொடுத்தோம். நான்கு பக்க மனு அது. ஆலைக் கழிவுநீர், லாரிகளால் பழுதான சாலை, அந்தச் சாலையில் எரியாத தெருவிளக்குகள், துகள் பறப்பதால் குழந்தைகளுக்கு வரும் இருமல் என்று எல்லாவற்றையும் விளக்கி, இறுதியில் “தக்க நடவடிக்கை எடுத்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்” என்று முடித்திருந்தோம். மனு ஏற்கப்பட்டதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. நாற்பது நாள் கழித்து, மனு முடித்து வைக்கப்பட்டதாக இன்னொரு செய்தி வந்தது. கிணற்றைப் பார்க்க இதுவரை யாரும் வரவில்லை.

என் கேள்விகள் இவை. கையெழுத்துகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் பலன் கிடைக்குமா? இணையத்தில் மனு தொடங்கி வெளியூர்க்காரர்களின் ஆதரவையும் திரட்டுவது உதவுமா? அந்தக் கட்டிகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நேரடியாக எழுதலாமா? அல்லது மனு கொடுப்பதே வீண்வேலையா? அனுபவம் உள்ளவர்கள் பதில் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் | எழுதியவர்: பழைய தபால்

ஐயா, நான் வருவாய்த் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றித் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். மனு வாங்கும் மேசையின் மறுபக்கத்தில் பல நூறு திங்கட்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால், தங்கள் மனுவுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது.

திங்கட்கிழமை காலையில் மாவட்ட ஆட்சியரின் முன்னால் சில நூறு மனுக்கள் குவியும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வீட்டுமனை, ஆக்கிரமிப்பு, குடும்பத் தகராறு என்று எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு மனுவுக்கும் ஓர் எண் கொடுத்து, அது எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பதைப் பதிவு செய்பவர் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். நான்கு பக்கத்தில் நான்கு துறைகளின் வேலை இருந்தாலும் மனு போவது பெரும்பாலும் ஒரே துறைக்குத்தான். அந்தத் துறை தன்னால் முடிந்ததைச் செய்து பதில் எழுதிவிட்டால், முழு மனுவும் முடிந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். தங்கள் மனு எந்த அலுவலகத்தால், என்ன பதிலோடு முடிக்கப்பட்டது என்பதை மனு எண்ணைக் கொண்டு இணையத்தில் பாருங்கள். தெருவிளக்கை மாற்றிவிட்டு மனுவை முடித்திருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

இரண்டாவதாக, அந்த “ஆவன செய்யுமாறு” என்ற சொற்றொடர். நம் முன்னோர் காலத்து மனு எழுத்தர்கள் பழக்கிவிட்ட தொடர் அது. பணிவாகவும் இருக்கும், பழுதற்றதாகவும் தோன்றும். ஆனால் அலுவலகத்தின் பார்வையில் அதைப்போல் வசதியான கோரிக்கை வேறில்லை. ஆவன செய்யக் கேட்டால், “ஆவன செய்யப்பட்டது” என்று பதில் எழுதிவிடலாம். ஒரு குறிப்பிட்ட அலுவலர், தமக்குச் சட்டம் தந்துள்ள ஒரு குறிப்பிட்ட அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்ய வேண்டும் என்று கேட்டால் மட்டுமே, அவர் அதைச் செய்தேன் என்றோ, செய்ய மறுக்கிறேன் என்றோ எழுத வேண்டிய நிலை வரும். மறுப்பும் பயன் உள்ளதே, ஏனென்றால் மேல்முறையீட்டுக்கு அதுதான் வாசல்.

தங்கள் சிக்கலை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். கழிவுநீர் பற்றிய மனு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குத் தனியே போக வேண்டும். 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் கிணற்றையும் நிலத்தடி நீரையும் சேர்த்துத்தான் பாதுகாக்கிறது. வாரியத்தின் இசைவாணை இல்லாமல் கழிவுநீரை நிலத்தில் விட ஆலைக்கு உரிமை இல்லை. மீறினால் ஆலையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் ஆணையிட அதே சட்டத்தின் 33அ பிரிவு வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆலைகளை மாசின் அளவைக் கொண்டு நிறவாரியாகப் பிரிக்கும் பட்டியலில், தென்னை நார்த் தொழிற்சாலைகளை வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு வாரியம் 2021இல் மாற்றியது தங்கள் பகுதியில் பெரிய சர்ச்சையாக இருந்தது. வெள்ளை வகை என்றால் இசைவாணையே தேவையில்லை, ஆரஞ்சு என்றால் தேவை. ஆகவே அந்த ஆலைக்கு இப்போது இசைவாணை இருக்கிறதா, இருந்தால் துகள் கழுவுவதற்கும் சேர்த்துப் பெறப்பட்டதா என்பதே தங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

பொதுத் தொல்லை என்ற அடிப்படையில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இன்னொரு மனு கொடுக்கலாம். இதற்கான விதி முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக இருக்கிறது. மக்களின் உடல்நலத்துக்குக் கேடான தொழிலை நிறுத்தவோ ஒழுங்குபடுத்தவோ நிபந்தனை ஆணை பிறப்பிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில், திறந்த சாக்கடையாலும் சாராய ஆலைக் கழிவாலும் தொல்லைப்பட்ட ஒரு வார்டு மக்கள், 1970களில் இந்தப் பிரிவின்கீழ்தான் மனு கொடுத்தார்கள். நகராட்சி, தன்னிடம் பணம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதிட்டது. பணமில்லை என்பது கடமையைத் தட்டிக்கழிக்கக் காரணம் ஆகாது என்று 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பை எங்கள் பயிற்சி வகுப்பில் பாடமாக வைத்திருந்தார்கள். வகுப்பில் கேட்ட பலர் பிறகு அந்தப் பிரிவைத் தொட்டதே இல்லை என்பது வேறு விஷயம்.

கையெழுத்து எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். 212 பேர் கையெழுத்திட்டாலும் அலுவலகப் பதிவில் ஏறுவது முதல் கையெழுத்துக்காரரின் பெயரும் முகவரியும்தான், பதிலும் அவருக்குத்தான் வரும். ஆகவே முதல் பெயர் யாருடையது என்பதில் கவனம் செலுத்துங்கள். ஊரில் பேச்சுத்திறன் உள்ளவரைவிட, பாதிக்கப்பட்ட கிணற்றின் உரிமையாளரே முதலில் இருப்பது நல்லது. மனு கிடைத்த 3 நாட்களுக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் பதிலும் தர வேண்டும் என்ற மாநில அரசின் ஆணைகள் எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த அலுவலகத்தை விட்டும் வெளியே வராதீர்கள்.

பதில் | எழுதியவர்: பாம்பார்ச் சோலை

நான் கொடைக்கானலில் வசிக்கிறேன். இணைய மனு உதவுமா, நிறுவனத்தின் தலைமையகத்துக்கு எழுதலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எங்கள் ஊரின் பாதரசக் கதையிலிருந்து பதில் சொல்ல முயல்கிறேன்.

இங்கே பாதரச வெப்பமானி செய்த பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை 1983இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து இயந்திரங்களோடு இங்கே பெயர்ந்து வந்தது. 1987இல் பாண்ட்ஸ் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபோது ஆலையும் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் பாதரச ஆவியைச் சுவாசிக்கிறோம் என்பதை அறியாமலே பல ஆண்டுகள் உழைத்தார்கள் என்பது தொழிலாளர்களின் குற்றச்சாட்டு. தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்த வாதம் வாய்ப்பேச்சாக நீண்டிருந்தால் எத்தனை மனு போட்டாலும் முடிவு கண்டிருக்காது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் உள்ள ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி சாக்குச் சாக்காகக் கிடந்ததை ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும், கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தார்கள். அதன் எடை 7.4 டன். அந்தக் குவியலை மறுக்க யாராலும் முடியவில்லை. தன் விதிமுறைகளுக்கு மாறாக அது வெளியே விற்கப்பட்டதை நிறுவனமே ஒப்புக்கொண்டு அந்த மாதமே ஆலையை நிறுத்தியது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்கே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டது. வளர்ந்த நாட்டின் நச்சுக் கழிவு இங்கே வருவதைத்தான் நாம் அதுவரை பார்த்திருந்தோம். இங்கிருந்து அங்கே போனது எங்கள் மலையில் பலருக்கும் இன்றும் நினைவில் நிற்கும் காட்சி.

ஆனால் தொழிலாளர்களின் இழப்பீடு அதோடு தீரவில்லை. முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. வழக்கு ஒன்பது ஆண்டுகள் ஊர்ந்தது. 2015 ஜூலையில், சென்னையைச் சேர்ந்த ஒரு பெண் பாடகர் பாடிய ராப் பாடல் காணொளியும் அதனுடன் இணைந்த இணைய மனுவும் வெளிவந்தன. காணொளியை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள், யூனிலீவரின் உலகத் தலைமை அதிகாரியே சமூக ஊடகத்தில் பதில் சொல்ல நேர்ந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் அடங்கிய தீர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றே நிறுவனம் சொன்னது, தொகையும் வெளியிடப்படவில்லை.

இதைப் பார்த்து, பாட்டுப் போட்டால் எட்டே மாதத்தில் வேலை நடக்கும் என்று சிலர் எண்ணிக்கொண்டார்கள். அது தவறு. அந்த ஒரு லட்சம் கையெழுத்துக்கு அடியில் 7.4 டன் என்ற எடைச்சீட்டும், 290 டன் அனுப்பிய பதிவும், நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்த ஒரு வழக்கும், பெயர் பெயராக எழுதப்பட்ட தொழிலாளர் பட்டியலும் இருந்தன. நிறுவனம் யாரோடு, எதைப் பற்றி, எங்கே உட்கார்ந்து பேச வேண்டும் என்பது முன்பே ஆயத்தமாக இருந்ததால், வெளியிலிருந்து வந்த அழுத்தம் போய்ச் சேர ஓர் இடம் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆலை வளாகத்தின் மண்ணை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற கேள்வியில் அதே கையெழுத்துகள் அவ்வளவு பலன் தரவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவு ஏற்கப்பட்டது. சோலைக்காட்டின் விளிம்பில், நீரோடைக்கு மேலே இருக்கும் நிலத்துக்கு இது மிகவும் தளர்ந்த அளவு என்று செயற்பாட்டாளர்கள் தொடர்ந்து எதிர்த்தார்கள். மில்லிகிராம் கணக்கை நிபுணர் குழு அறையில்தான் வாதாட வேண்டியிருக்கிறது. அந்த அறைக்குள் இணைய மனு நுழைவதில்லை.

தங்கள் ஆலையின் கட்டிகளை வாங்குபவர்களுக்கு எழுதுவதில் தவறில்லை. ஆனால் யூனிலீவருக்கு ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலும் தன் பெயர் இருந்தது, பெயர் கெட்டால் இழப்பு உண்டு. தென்னைத் துகள் கட்டி நெதர்லாந்தின் ஏதோ ஒரு பசுமைக்குடிலில் தக்காளிச் செடியின் வேருக்கடியில் இருக்கும். அதை யார் செய்தார்கள் என்று தக்காளி வாங்குபவருக்குத் தெரியாது. அங்கே கேட்கப்படும் ஆர்.எச்.பி. தரச்சான்றும் பெரும்பாலும் பொருளின் தரத்தைப் பற்றியது, உங்கள் கிணற்றைப் பற்றியதன்று.

பதில் | எழுதியவர்: நேர்கோடு

எல்லோரும் ஆலையை எதிரியாகவே பார்ப்பதால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். நானும் தென்னை விவசாயிதான். கொப்பரை விலை விழுந்த ஆண்டுகளில் மட்டைக்குக் கிடைத்த காசுதான் பல தோப்புகளைக் காப்பாற்றியது. இரண்டு மூன்று மில்களை மூடிவிட்டால் மட்டை மீண்டும் வரப்பில் குவிந்து கிடக்கும். கழுவிய நீரைத் தளம் போட்ட தொட்டியில் தேக்கி, தெளியவைத்து மறுபடியும் பயன்படுத்தும் ஆலைகள் இதே பகுதியில் இருக்கின்றன. மனு கொடுப்பதற்கு முன்னால் அந்த உரிமையாளரிடம் நேரில் உட்கார்ந்து பேசினீர்களா என்பதைத் தாங்கள் எழுதவில்லை. உறவினர் என்று வேறு சொல்கிறீர்கள்.

மறுமொழி | எழுதியவர்: தோப்புவீடு

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பழைய தபால் ஐயா, தாங்கள் சொன்னபடி மனு எண்ணை இட்டுப் பார்த்தேன். மனு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, “மனுதாரர் குறிப்பிட்ட சாலையில் பழுதான 2 தெருவிளக்குகள் மாற்றப்பட்டன” என்ற பதிலோடு முடிக்கப்பட்டிருக்கிறது. விளக்கு எரிவது உண்மைதான். அதை நாங்களும் பார்த்து மகிழ்ந்தோம். அது எங்கள் மனுவுக்குக் கிடைத்த முழுப் பதில் என்பது இப்போதுதான் தெரிகிறது.

நேர்கோடு அவர்களுக்கு: பேசினோம். முதல் முறை என் மாமாவும் ஊர்ப் பெரியவர் இருவரும் சென்றார்கள். காப்பி கொடுத்து உட்காரவைத்து, ஆறு மாதத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டிவிடுகிறேன் என்று சொன்னார். அது ஒன்றரை ஆண்டுக்கு முன்னால். இரண்டாம் முறை, கிணறு நிறம் மாறியது தன் ஆலையால்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். ஆலையை மூட வேண்டும் என்று எங்களில் யாருமே கேட்கவில்லை; எங்கள் மட்டையும் அங்கேதான் போகிறது. மனு கொடுத்த செய்தி பரவியபின், கையெழுத்திட்டவர்களில் பதினைந்து இருபது பேர், தங்களுக்கு விவரம் தெரியாமல் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று அவரிடம் போய்ச் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் வீட்டுப் பெண்கள் அங்கே களத்தில் துகள் காயவைக்கும் வேலைக்குப் போகிறவர்கள்.

ஆதாரம் என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான் என்று இப்போது தோன்றுகிறது. நீர்ப் பரிசோதனையை எங்கே செய்வது, எதைச் சோதிக்கச் சொல்வது?

பதில் | எழுதியவர்: கறுப்பு அங்கி

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். மின்கடத்துதிறன், கரைந்த உப்புகளின் மொத்த அளவு, சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகியவற்றோடு நைட்ரேட்டையும் கட்டாயம் சேர்த்துக் கேளுங்கள். ஏற்றுமதித் துகளில் வேரைப் பாதிக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்ற, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு. அதையும் அந்த ஆலை செய்கிறது என்றால் நைட்ரேட் கிணற்றில் தெரியும். குடிநீரில் அது ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. வேறு நீராதாரம் இல்லை என்ற காரணத்துக்காகவும் அதில் தளர்வு கிடையாது. குழிக்குக் கீழே உள்ள மூன்று கிணறுகளோடு, குழிக்கு மேலே உள்ள ஒரு கிணற்றின் நீரையும் அதே நாளில் எடுத்துக் கொடுங்கள். மேல் கிணறு நன்றாகவும் கீழ்க் கிணறுகள் கெட்டும் இருந்தால், உரிமையாளர் கேட்ட கேள்விக்குப் பெரும்பங்கு பதில் அதிலேயே இருக்கும். நீங்களே எடுத்துச் சென்ற நீர் என்று நீதிமன்றத்தில் எதிர்ப்பு வரலாம் என்பதால், இந்த முடிவை இணைத்து, வாரியமே வந்து மாதிரி எடுக்க வேண்டும் என்று மனுவில் கேளுங்கள்.

மனுவோடு தகவல் உரிமைச் சட்டத்தையும் இணைத்தே நடத்துங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு பக்க விண்ணப்பம் போதும். ஆலையின் இசைவாணை நகல், அதன் நிபந்தனைகள், கடைசி மூன்று ஆய்வறிக்கைகள் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வரவில்லை என்றால் அதே துறையில் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம். பலருக்குத் தெரியாத ஒன்று: நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவு, இசைவாணை நிபந்தனைகளின் பதிவேட்டை வாரியம் பராமரிக்க வேண்டும் என்றும், கழிவுநீரால் பாதிக்கப்படுபவர் அதைப் பார்வையிடலாம் என்றும் சொல்கிறது.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதாக இருந்தால், கால வரம்பு ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010இன் 14ஆம் பிரிவின்படி, சிக்கல் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் கிடைக்கும். இழப்பீட்டுக்கும் நிலத்தைச் சீரமைப்பதற்கும் 15ஆம் பிரிவின்கீழ் 5 ஆண்டுகள் அவகாசம் உண்டு. திங்கட்கிழமை மனுவுக்குப் பதில் வரும் என்று காத்திருந்த நாட்கள் இந்தக் கணக்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. உங்கள் நிலையில் 15ஆம் பிரிவே பொருந்தும் என்று கருதுகிறேன், ஆனாலும் சென்னை அமர்வில் வழக்காடும் ஒருவரிடம் ஆவணங்களோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

இணைய மனுவைப் பொறுத்தவரை, ஆய்வக எண்கள் கையில் வரும் வரை ஆலையின் பெயரைப் போட்டு எதையும் வெளியிடாதீர்கள். அவதூறு வழக்கு ஒன்று வந்தால், கிணற்றைப் பற்றிய பேச்சு நின்று, உங்களைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும்.

பதில் | எழுதியவர்: எல்லைப்புறத்து ஆசிரியை

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். பிளாச்சிமடை எங்களுக்குப் பக்கத்து ஊர். மேலே யாரும் கிராம ஊராட்சியைப் பற்றிப் போதிய அளவு பேசாததால் எழுதுகிறேன்.

கோக்கக் கோலா ஆலை அங்கே 2000இல் தொடங்கியது. கிணற்று நீர் சுவை மாறியதையும், அந்த நீரில் வேகவைத்த சோறு சீக்கிரம் கெட்டதையும் முதலில் கண்டுகொண்டவர்கள் தினமும் சமைத்த பழங்குடிப் பெண்கள். இரவாளர், மலசர் மக்களின் அந்தக் குடியிருப்பில், 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே போராட்டப் பந்தல் போடப்பட்டது. மயிலம்மா என்ற பழங்குடிப் பெண்மணி அதன் முகமாக விளங்கினார். அவர்களும் எத்தனையோ மனுக்கள் கொடுத்தார்கள். நிலைமை மாறியது, பிளாச்சிமடை அடங்கிய பெருமாட்டி ஊராட்சி மன்றம் 2003இல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தபோதுதான். அதுவரை கேட்பவர்களாக இருந்த மக்களின் பக்கம், கொடுக்கவும் மறுக்கவும் அதிகாரம் உள்ள ஓர் அமைப்பு வந்து நின்றது. அதை எதிர்த்து நிறுவனம்தான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2003 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று கூறி ஊராட்சியின் பக்கம் நின்றார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு இயங்கவே இல்லை.

எனவே, தங்கள் ஊரில் கிராம சபையைப் பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பது தங்கள் தீர்மானத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை, விவரம் தெரியாமல் கையெழுத்திட்டேன் என்று பிறகு ஒருவர் சொல்லி மாற்ற முடியாது. களத்தில் வேலை செய்யும் பெண்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்களுக்கு எதிரான மனுவாக இது ஊரில் பேசப்படுவதை அதுதான் தடுக்கும்; துகளைச் சுவாசிப்பவர்களும் அவர்கள்தாம்.

எங்கள் பக்கத்துக் கதையின் மறுபாதியையும் மறைக்க விரும்பவில்லை. 2010இல் கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு, பிளாச்சிமடைக்கு ஏற்பட்ட இழப்பை 216 கோடி ரூபாய்க்கும் மேல் என்று மதிப்பிட்டது. அதைப் பெற்றுத் தரத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பி வந்தது. மயிலம்மா 2007இலேயே காலமாகிவிட்டார். ஆலையை நிறுத்துவதற்கு ஆன காலம் இரண்டு ஆண்டு. இழப்பீட்டுக்குக் காத்திருக்கும் காலம் அதைப்போல் பல மடங்கு. தங்கள் மனுவில் “தொட்டி கட்ட வேண்டும்” என்பதோடு “கெட்ட கிணறுகளுக்கு மாற்றுக் குடிநீர் தர வேண்டும்” என்பதையும் இன்றே எழுதிவிடுங்கள். பின்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி | எழுதியவர்: தோப்புவீடு

நேற்று நான்கு கிணறுகளிலிருந்தும் நீர் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்துவிட்டோம். நான்காவது, கறுப்பு அங்கி அவர்கள் சொன்ன மேல் கிணறு. தகவல் உரிமை விண்ணப்பமும் பதிவு அஞ்சலில் போய்விட்டது.

புதிய மனு ஒரே பக்கம்தான். சாலையும் இருமலும் தனி மனுக்களாகப் பிரிந்துவிட்டன. கடைசிப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது: “மேற்படி ஆலையில் துகள் கழுவுவதற்கு வாரியத்தின் இசைவாணை உள்ளதா என்பதைத் தெரிவிக்கவும், இணைப்பில் கண்ட நான்கு கிணறுகளிலும் தங்கள் அலுவலகமே நீர் மாதிரி எடுத்து முடிவை எங்களுக்கு எழுத்துவழித் தரவும், கழிவுநீர் தளமிட்ட தொட்டியில் தேக்கப்படும் வரை துகள் கழுவுவதை மட்டும் நிறுத்திவைக்கவும், அதுவரை மூன்று கிணற்றுக் குடும்பங்களுக்கு ஆலையின் செலவில் குடிநீர் வழங்க ஆணையிடவும் கோருகிறோம்.” பழைய தபால் ஐயா பிழை இருந்தால் சுட்டிக்காட்ட வேண்டும்.

கையெழுத்து இம்முறை 212 வராது. அறுபதைத் தாண்டினால் அதிகம். முதல் பெயர் மூன்றாவது கிணற்றுக்காரருடையது. அவர் ஆலை உரிமையாளருக்குச் சொந்தப் பெரியப்பா. போன முறை நாங்கள் அவர் வீட்டுப் படியேறவே தயங்கி விட்டுவிட்டோம். இம்முறை போனபோது, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து, முழுவதையும் இரண்டு முறை படித்த பிறகுதான் கையெழுத்திட்டார். ஆய்வக முடிவு வந்ததும் இங்கே பதிகிறேன்.